போனில் இன்னொரு மருமகள்

லிஃப்ட் அக்காவின் குரலைக் கேட்டிராதவர்கள் அந்த ஊரில் தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் மட்டும்தான். மற்ற எல்லோரும் தினம் ஒரு தடவையாவது அவள் சொல்லி மேலே போய், அவள் சொல்லிக் கீழே இறங்கியவர்கள். "கதவு மூடுகிறது. தயவுசெய்து விலகி நிற்கவும்." இதைப் பேசிப் பதிவு செய்து கொடுத்ததற்காக லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் கொடுத்த தொகை ஒரு ஜோடி நல்ல செருப்பு வாங்கக்கூடக் காணாது. அதைப் பற்றியெல்லாம் அவள் கவலைப்பட்டதே இல்லை. லிஃப்டில் ஏறிய ஒருவர் அவளையும் கூரையில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டால் போதும், அன்றைக்கு அவளுக்கு வயிறு நிறைந்துவிடும்.

அதற்கு முன்னால் அவள் ஒரு கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் எண் கூப்பிடும் வேலையில் இருந்தாள். கல்யாணமும் அங்கேதான் முடிவானது. ஒரு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் தன் அம்மாவைக் கண் காட்டக் கூட்டி வந்திருந்தார். அவர்களுடைய எண்ணை அவள் மூன்று முறை கூப்பிட்டும் மனிதர் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அம்மாதான் அவர் விலாவில் இடித்து, "டேய், அந்தப் பொண்ணு நம்மளைத்தான்டா கூப்பிடுது" என்றார். "குரலில் மயங்கி எழுந்திருக்க மறந்துபோய்விட்டார்" என்று லிஃப்ட் அக்கா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். கேட்காதவர்களிடமும் சொல்வாள். அந்தக் கதையில்தான் அவள் வாழ்க்கையே நின்றுகொண்டிருக்கிறது என்று சொன்னாலும் தப்பில்லை.

வீட்டில் அவளோடு குடித்தனம் நடத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. எந்நேரமும் ஒத்திகை. குளியலறைக் கதவைத் தட்டினால், "இந்த அறை தற்போது பயன்பாட்டில் உள்ளது, சற்று நேரம் காத்திருக்கவும்" என்று உள்ளேயிருந்து பதில் வரும். சாப்பிடக் கூப்பிடுவதும் அப்படித்தான். "அனைவரும் சமையலறைக்கு வருமாறு கேட்டுக்கொள்கிறோம்." அந்த வீட்டில் இருப்பவர்களே மூன்று பேர். கணவர் பழகிக்கொண்டார். அவர் பிறவியிலேயே பழகிக்கொள்ளும் சுபாவம். டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொள்பவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை அழுத்தியே ஆயுசைக் கழித்தவர். வீட்டில் பேச்சு கொஞ்சம் வேகமெடுத்தாலும் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும்.

மாமியாருக்கு இப்போது பார்வை அநேகமாகப் போய்விட்டது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியும், அவ்வளவுதான். ஆனால் மூன்றாவது மாடியில் இருக்கும் அந்த இரண்டு அறைக்குள் அவர் நடந்தால் பார்வை இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. கட்டிலிலிருந்து எழுந்தால் சுவரில் ஒரு புடைப்பு, அதைத் தாண்டினால் போன் மேசை, சமையலறை வாசலில் உடைந்த டைல்ஸ், அங்கே காலை ஒரு அங்குலம் தூக்கி வைக்க வேண்டும். தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு சொட்டு சிந்தாமல் வருவார். போன வருஷம் உறவுக்காரர் வீட்டில் ஒரு நாள் தங்கியபோது முதல் அரைமணியிலேயே பீரோவில் மோதி நெற்றி வீங்கிவிட்டது. அதனால் கணவனும் மனைவியும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது ஒரு விஷயத்தை வெளிப்படையாகவே சொல்வார்கள்: வீடு மாறினால் அம்மா அன்றைக்குத்தான் உண்மையில் குருடாவார்.

இந்த நேரம் பார்த்து வாடகை பாக்கி விழுந்தது. டிரைவிங் ஸ்கூலில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், முதல் நாள் பாடத்திலேயே காரை டிரைவிங் ஸ்கூலின் சுவருக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டார். கார் மெக்கானிக் ஷெட்டுக்குப் போனது, மாஸ்டருடைய சம்பளம் பாதியாக வந்தது. இன்னொரு பக்கம், லிஃப்ட் அக்காவுக்கு வர வேண்டிய ஒரு பெரிய பில் வராமலே இருந்தது. அந்தப் பில்தான் இந்தக் கதையில் எல்லா வம்பையும் இழுத்துவிட்டது.

ஊரில் பல கட்டடங்களுக்கு வாடகை வசூலித்துக் கொடுக்கும் ஒரு நிறுவனம் அவளை அழைத்திருந்தது. பாக்கி வைத்திருப்பவர்களுக்கு மெஷினே போன் செய்யும். அதற்குக் குரல் வேண்டும். கனிவாக ஒன்று, நினைவூட்டலாக ஒன்று, கண்டிப்பாக ஒன்று, கடைசியாக வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஒன்று. கூடவே எண்களையும் மாதப் பெயர்களையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும், மெஷின் வேண்டியதை எடுத்து ஒட்டிக்கொள்ளும். "வாடகை" என்ற சொல் மட்டும் வரக் கூடாது என்றார் மேனேஜர். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஜனங்கள் போனை வைத்துவிடுகிறார்களாம். அதனால் எல்லா இடத்திலும் "தொகை" என்றே வைத்துக்கொண்டார்கள்.

ஆபீசின் பின்பக்கம் சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை ஆணியடித்து வைத்த ஒரு அறையில் பதிவு நடந்தது. முதல் மூன்றும் நன்றாக வந்தன. நான்காவதுக்குச் சவுண்டுக்காரர் தலையை ஆட்டினார்.

"அக்கா, இது காலி பண்ணச் சொல்ற மாதிரி இல்லை. விருந்துக்குக் கூப்பிடற மாதிரி இருக்கு. வீட்ல யார் மேலயாவது கோபம் இருக்கும்ல, அவங்களை நினைச்சுக்கிட்டுப் பேசுங்க."

நினைக்கச் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. அன்று காலைதான், பதிவுக்குக் கட்டிக்கொண்டு போக இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்த சேலையை மாமியார் ஏதோ பழைய துணி என்று விரித்து, கழுவிய பாத்திரங்களை அதன்மேல் கவிழ்த்து வைத்திருந்தார். கண் தெரியாதவரை என்ன சொல்ல முடியும்? லிஃப்ட் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விழுங்கியது முழுவதையும் மைக்கில் துப்பினாள். சவுண்டுக்காரர் ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தேய்த்துக்கொண்டு, "போதும்க்கா" என்றார்.

பணம் அடுத்த மாதம் என்றார்கள். அடுத்த மாதம் வந்தபோது அதற்கடுத்த மாதம் என்றார்கள். அதற்கடுத்த மாதம், அவள் குடியிருந்த கட்டடத்தின் உரிமையாளர் தன் மகள் வீட்டோடு போய்விடத் தீர்மானித்து, கட்டடத்தை அதே நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

பாக்கி ஏறிக்கொண்டிருந்தது. நிறுவனத்திடமிருந்து ஒரு போனும் வரவில்லை. லிஃப்ட் அக்கா அதற்கு ஒரு விளக்கம் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

"ஒரு கலைஞருக்குக் கொடுக்கற மரியாதைங்க" என்றாள் கணவரிடம். "என் குரலை வச்சு என்னையே எப்படிக் கேப்பாங்க? அவங்களுக்கும் ஒரு கூச்சம் இருக்கும்ல."

"இருக்கும்" என்றார் அவர். கால் தரையை அழுத்தியது.

கூச்சமாவது ஒன்றாவது. போன் தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தது. இவர்கள் இருவரும் வெளியே போயிருக்கும் பகல் வேளையில் வந்தது. மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் மாமியார் எடுத்துக் காதில் வைத்தார்.

"அன்பிற்குரியவரே, வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம். இந்த மாதத் தொகை இன்னும் வந்து சேரவில்லை என்பதைத் தாழ்மையுடன் நினைவூட்டுகிறோம். புரிந்திருந்தால் எண் ஒன்றை அழுத்தவும். நன்றி."

வேறு எந்த மாமியாராக இருந்தாலும் இது மெஷின் என்று கண்டுபிடித்திருப்பார். இவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? இவருடைய மருமகள் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதே இப்படித்தான். தொகை என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. மருந்துச் செலவுக்கு என்று அவருடைய மகள் மாதாமாதம் கொஞ்சம் பணம் அனுப்புவாள், அது இரண்டு மாதமாக வரவில்லை. "சரிம்மா, அவகிட்டச் சொல்றேன்" என்று பதில் சொல்லி, எண் ஒன்றைத் தடவிப் பார்த்து அழுத்தினார். மனதுக்குள் அவருக்குச் சந்தோஷம்கூட. நேரில் கேட்டால் சங்கடமாக இருக்கும் என்று வெளியே போய் போன் செய்து கேட்கிறாளே, எவ்வளவு பதவிசு. நேரில் "அத்தை, மாத்திரை போட்டாச்சா" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்பவள், போனில் "தாங்கள்" என்கிறாள், "தாழ்மையுடன்" என்கிறாள். தெரிந்தவர்கள் போன் செய்தபோது, "என் மருமக போன்ல பேசறதைக் கேக்கணும் நீங்க" என்று பெருமையடித்தும் விட்டார்.

அடுத்த வாரம் தாழ்மையைக் காணோம். அதற்கடுத்த வாரம் "வணக்கம்" போய்விட்டது. மாமியார் ஒவ்வொரு தடவையும் ஏதோ சமாதானம் சொன்னார், ஒவ்வொரு தடவையும் எண் ஒன்றை அழுத்தினார். சாயங்காலம் மருமகள் வீட்டுக்கு வந்து ஒன்றுமே நடக்காதது மாதிரி, "அத்தை, மாத்திரை போட்டாச்சா" என்று கேட்கும்போது அவருக்குத் திக்கென்றிருக்கும். என்ன நெஞ்சழுத்தம் இவளுக்கு என்று நினைத்துக்கொள்வார். ஆனால் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை. மகள் பணம் அனுப்பாதது தன் குறைதானே என்று மென்று விழுங்கினார்.

வாடகை பாக்கி வைத்திருந்த முதல் மாடித் தையல்காரரும் லிஃப்டில் அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஒதுங்கினார். ஒரு நாள், "அடுத்த வாரம் கண்டிப்பாக் குடுத்துடறேன்க்கா, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றார். ஊசி நூலோடு புழங்கிப் புழங்கி மனிதருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று இரக்கப்பட்டுக்கொண்டே அவள் மூன்றாவது மாடியில் இறங்கினாள்.

பிறகு நான்காவது போன் வந்தது. சேலைக் கோபம் முழுவதையும் ஏற்றிவைத்த அந்தப் போன். "பலமுறை நினைவூட்டியும் பயனில்லை. இந்த மாத இறுதிக்குள் தாங்கள் இந்த வீட்டை விட்டு வெளியேற வேண்டும். சம்மதமெனில் எண் ஒன்றை அழுத்தவும்." நன்றியெல்லாம் இல்லை.

மாமியார் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து எண்களைத் தடவினார். பிறகு ஒன்றை அழுத்தினார். கட்டிலுக்கடியில் இருந்த பையை எடுத்து நாலு துணியும் மாத்திரையும் சீப்பும் வைத்துக் கட்டிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு லிஃப்டுக்கு வந்தார்.

அன்று சாயங்காலம் லிஃப்ட் அக்கா ஏதோ ஒரு பல்பொருள் அங்காடிக்குத் தள்ளுபடி அறிவிப்புப் பேசிவிட்டுத் திரும்பினாள். கீழே லிஃப்ட் கதவு திறந்தபோது உள்ளே மாமியார் பையின்மேல் உட்கார்ந்திருந்தார்.

"அத்தை, இங்க என்ன பண்றீங்க?"

"போய்க்கிட்டு இருக்கேன்."

"எங்க?"

"நீ சொன்ன மாதிரிதான். வெளியில." மாமியார் குரல் நிதானமாகத்தான் இருந்தது. "ஆனா வெளியிலயும் விட மாட்டேங்கிறே. கதவு திறக்கற சத்தம் கேட்டு எழுந்திருச்சா, கதவு மூடுது விலகி நில்லுங்கறே. விலகி நின்னா மறுபடியும் மேல கொண்டு போயிடறே. மத்தியானத்துலேர்ந்து இதே வேலையா இருக்கேன்."

தையல்காரர் இரண்டு தடவை கையைப் பிடித்து இறக்கப் பார்த்தாராம். மருமகள் சொல்லாமல் இறங்க மாட்டேன் என்றுவிட்டாராம்.

லிஃப்ட் அக்காவுக்குத் தலை சுற்றியது. அவளும் உள்ளே போய்ப் பையின் மறுபாதியில் உட்கார்ந்தாள். கதவு மூடுகிறது என்று தலைக்குமேல் அவளே சொன்னாள். மூன்றாவது மாடிக்கும் தரைத்தளத்துக்குமாக இரண்டு தடவை போய் வருவதற்குள், போன், தொகை, தாழ்மை, எண் ஒன்று எல்லாம் வெளியே வந்துவிட்டது. கலைஞருக்குக் கொடுத்த மரியாதையும் அத்தோடு காலி.

"அத்தை, அது நான் இல்லை. மெஷின்."

"குரல் உன்னுது."

"குரல் என்னுதுதான். ஆனா உங்களைச் சொல்லலை. ஊர்ல பாக்கி வச்சிருக்கற எல்லாருக்கும் சேர்த்துச் சொன்னது."

மாமியார் யோசித்தார். "மத்ததெல்லாம் சரி, ஊருக்குச் சொன்னதா இருக்கலாம். கடைசியா ஒண்ணு பேசினியே, அது என்னைத்தான் சொன்னே. அது எனக்குத் தெரியும்."

பொய் சொல்லியிருக்கலாம். தலைக்குமேல் தன் குரல், பக்கத்தில் கண் தெரியாத மனுஷி, நடுவில் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அதுவும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"சேலை விஷயமா?"

"ஆமா அத்தை."

"அன்னைக்கு நீ ஒண்ணுமே சொல்லலை. அப்பவே நினைச்சேன், நீ அதை எங்கயோ சேர்த்து வைக்கறேன்னு" என்றார் மாமியார். பிறகு பையைத் தட்டி, "சரி எழுந்திரு, மாத்திரை போடணும்" என்றார்.

மறுநாள் இருவரும் நிறுவனத்துக்குப் போனார்கள். மாமியாரை அழைத்துப்போகும் எண்ணமே இல்லை. அந்தப் போனோடு தனியாக இருக்க முடியாது என்று அவர்தான் பிடிவாதம் பிடித்தார்.

அங்கே ஒரே அறையில், ஒரே மின்விசிறியின் கீழ், எதிரும் புதிருமாக இரண்டு மேசை. ஒன்று வசூல் பிரிவு, மற்றொன்று பட்டுவாடாப் பிரிவு. வசூல் பிரிவில் இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள்.

"மாசக் கடைசியில காலி பண்றீங்க மேடம். நீங்களே ஒண்ணை அழுத்திச் சம்மதிச்சிருக்கீங்க. ரொம்ப ஒத்துழைப்பு கொடுத்த வாடகைதாரர்னு குறிச்சு வச்சிருக்கு."

"அது இவங்க அழுத்தினது. தெரியாம."

"யார் அழுத்தினாலும் ஒண்ணு ஒண்ணுதான் மேடம்."

லிஃப்ட் அக்கா திரும்பி எதிர் மேசையிடம் போனாள். இரண்டே எட்டு. "என் பில் பாஸாகியிருந்தா நான் எப்பவோ கட்டியிருப்பேன்."

பட்டுவாடாக்காரர் பார்த்தார். "பில் தயாரா இருக்கு மேடம். ஆனா நிறுவனத்துக்குப் பாக்கி வச்சிருக்கறவங்களுக்குப் பணம் விடுவிக்கக் கூடாதுன்னு விதி. நீங்க வாடகையைக் கட்டிட்டா அன்னைக்கே கொடுத்துடலாம்."

"நீங்க கொடுத்தாத்தானே நான் கட்ட முடியும்."

"நீங்க கட்டினாத்தானே நாங்க கொடுக்க முடியும்" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

"அப்போ இதுல அதைக் கழிச்சுக்குங்களேன்."

இரண்டு மேசையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அது முடியாது, இது வேறு பிரிவு, அது வேறு பிரிவு என்றார்கள் இருவரும். சொல்லிக்கொண்டே அவர் அந்தப் பெண்ணிடமிருந்து ஸ்டேப்ளரை வாங்கிக்கொண்டார்.

மாமியார் வாசல் பக்கம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து கையை நீட்டி மருமகளைத் தேடினார். கை மேசை முனையில் இடித்தது. அந்தக் கையைப் பார்த்தபோதுதான் லிஃப்ட் அக்காவுக்கு உறைத்தது. வேறு வீட்டுக்குப் போனால் அடுத்த மாதம் முழுக்க இப்படித்தான் இருக்கப்போகிறது. சுவர் எங்கே, கதவு எங்கே என்று ஒவ்வொரு இடமாக இடித்து இடித்து.

அந்நேரம் மேனேஜர் உள்ளே வந்தார். இவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அடடே, உங்களைத்தான் தேடிக்கிட்டு இருக்கோம். ஒரே ஒரு வார்த்தை வேணும் மேடம். ஒரு நிமிஷ வேலை."

விஷயம் இதுதான். தாமதமாகக் கட்டுபவர்களுக்கு அபராதம் போடுவதாக முடிவாகியிருந்தது. "அபராதம்" என்ற சொல் மட்டும் அவள் பதிவில் இல்லை. இருப்பதை வெட்டி ஒட்டிப் பார்க்கலாமே என்று அங்கங்கே சொற்களிலிருந்து துண்டு எடுத்து மெஷினிலேயே ஒன்று தயாரித்திருந்தார்கள். மேனேஜர் அதைப் போட்டுக் காட்டினார். சுடச்சுட எதையோ வாயில் போட்டுக்கொண்டு துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் ஒருவர் தவிப்பது மாதிரி இருந்தது. கேட்ட வாடகைதாரர்கள் பயந்துபோய், அந்தம்மாவுக்கு உடம்புக்கு என்ன என்று ஆபீசுக்குப் போன் செய்தார்களாம்.

"வேற யாரையாவது வச்சுப் பேச வைக்கலாமே" என்றாள் லிஃப்ட் அக்கா, மெதுவாக.

"அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் குரல் மாறினா சிரிப்பாங்க. மாத்தறதுன்னா எல்லா எண்ணும், எல்லா மாசமும் முதல்லேர்ந்து எடுக்கணும். அதுக்கு யாரு மேடம் செலவு பண்றது?"

லிஃப்ட் அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள். மாமியாரின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். பிறகு லிஃப்டில் பேசும் அதே குரலில், ஏற்ற இறக்கம் துளியும் பிசகாமல் சொன்னாள்:

"இந்தச் சேவை தற்போது தங்களுக்குக் கிடைக்காது. பாக்கியைச் செலுத்திய பின் மீண்டும் முயலவும். நன்றி."

மேனேஜர் பட்டுவாடா மேசையைப் பார்த்தார். அது வசூல் மேசையைப் பார்த்தது. கழிக்க முடியாது என்று விதி இருப்பதாகச் சொல்ல வாயெடுத்த இருவரையும் மேனேஜர் கையமர்த்தினார். கால் மணி நேரம் மூன்று பேரும் ஒரே கம்ப்யூட்டரைச் சுற்றி நின்று முணுமுணுத்தார்கள். கழித்தலுக்கு அதில் இடமே இல்லையாம். கடைசியில் வசூல் பிரிவுப் பெண் எழுந்து எதிர் மேசைக்குப் போய்ப் பட்டுவாடாக்காரரிடம் ரசீது கொடுக்க, அவர் அவளுக்கு ஒரு ரசீது கொடுக்க, இரண்டையும் ஸ்டேப்ளர் போட்டு ஒன்றாக்கினார்கள். பணம் எங்கேயும் நகரவில்லை. பில்லில் பாக்கி கழிந்தது. காலி செய்யும் உத்தரவும் ரத்தானது. மேற்கொண்டு கொஞ்சம் மிச்சமும் வந்தது. அது அடுத்த மாதம் என்றார்கள்.

இனி அந்த ஒரு வார்த்தை. மெத்தை அறைக்குள் சவுண்டுக்காரர் காத்திருந்தார். மாமியாரை மூலையில் ஒரு முக்காலியில் உட்கார வைத்துவிட்டு அவள் மைக்குக்கு முன்னால் போனாள்.

"அபராதம்" என்றாள்.

"அக்கா, சாப்பிட்டியான்னு கேக்கற மாதிரி இருக்கு."

"அபராதம்."

"இப்போ மன்னிப்பு கேக்கற மாதிரி இருக்கு."

வரவில்லை. எத்தனை தடவை எடுத்தாலும் அந்தச் சொல் வாயிலிருந்து நனைந்துபோய் வந்தது. வீடு கிடைத்துவிட்ட நிம்மதியில் கோபம் முழுவதும் கரைந்துவிட்டிருந்தது. கதவை லேசாகத் திறந்து எட்டிப்பார்த்த மேனேஜர், வார்த்தை வராவிட்டால் கிழித்துவிடுவார் போல, கையில் இருந்த ரசீதைத் தடவிக்கொண்டிருந்தார். சவுண்டுக்காரர் வழக்கம் போல ஆரம்பித்தார்.

"கோபமா வேணும்க்கா. போன தடவை மாதிரி வீட்ல யாரையாவது நினைச்சுக்கிட்டு..."

சொல்லிவிட்டு மூலையைப் பார்த்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"என்னையே நினைச்சுக்கோ, பரவாயில்லை" என்றார் மாமியார் மூலையிலிருந்து. "வீடு முக்கியம்."

"வர மாட்டேங்குது அத்தை" என்றாள் லிஃப்ட் அக்கா. கண்ணில் நீர் தளும்பியது. இந்த மனுஷியை நினைத்தா, அதுவும் இனிமேலா?

மாமியார் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். பிறகு, சும்மா ஊர் விஷயம் பேசுகிற தொனியில் சொன்னார்: "கண் ஆஸ்பத்திரியில அவன் எழுந்திருக்காம இருந்தானே. உன் குரல்ல மயங்கிட்டான்னு நீ ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறே. அவன் தூங்கிட்டிருந்தான். வாயைத் திறந்துக்கிட்டு. நான் இடிச்சப்பறம்தான் முழிச்சான்."

லிஃப்ட் அக்காவின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. இத்தனை வருஷமாக. கேட்காதவர்களிடம்கூட. அவள் மைக்கின் பக்கம் திரும்பினாள்.

"அபராதம்."

சவுண்டுக்காரர் ஹெட்போனைக் கழற்றினார். வாசலில் மேனேஜர் ஒரு அடி பின்வாங்கினார்.

"வந்துடுச்சு" என்றார் மாமியார்.

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பி லிஃப்டில் ஏறியதும் லிஃப்ட் அக்கா கேட்டாள். "நிஜமாவே தூங்கிட்டா இருந்தாங்க? இல்லை வேலை ஆகணும்னு சொன்னீங்களா?"

"வேலை ஆச்சா இல்லையா?"

"ஆச்சு."

"அப்பறம் என்ன. கதவு திறக்கப்போகுது, விலகி நில்லு."

மூன்றாவது மாடியில் கதவைத் திறந்ததும் மாமியார் அவள் கையை விட்டுவிட்டார். யாரையும் எதையும் பிடிக்காமல் கட்டில் வரைக்கும் போய், நேற்றிலிருந்து பிரிக்காமல் கிடந்த பையை அதன் அடியில் தள்ளினார். சமையலறை வாசலில் உடைந்த டைல்ஸ் வந்ததும் காலை ஒரு அங்குலம் தூக்கி வைத்துப் போய்த் தண்ணீர் எடுத்துக் குடித்தார். லிஃப்ட் அக்கா வாசலிலேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாய்விட்டு அழ வேண்டும் போல இருந்தது, அழவும் செய்தாள்.

கணவர் வந்ததும் முதல் கேள்வியாகக் கேட்டாள். "ஏங்க, அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் கூப்பிட்டப்போ தூங்கிட்டா இருந்தீங்க?"

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா மாத்திரை டப்பாவைத் தேடுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய வலது கால் தரையை முழு பலத்தோடு அழுத்தியது.

தையல்காரர் ஒரு மாதம் அவளோடு லிஃப்டில் ஏறவில்லை, படியிலேயே போய் வந்தார். அதற்கு அவள் வெட்கப்பட்டாள். அவருக்கு வந்த போனில் அந்த ஒரு வார்த்தை இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் வீட்டுப் போனும் நின்றபாடில்லை. பாக்கி கழிந்த செய்தியை மெஷினுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் வீட்டில் இருக்கும்போதே மணியடித்தது. மாமியார் எடுத்துக் காதில் வைத்தார். குரல் அறை முழுவதும் கேட்டது.

"தாங்கள் செலுத்த வேண்டிய தொகை, பூஜ்யம். தவறினால், அபராதம்."

லிஃப்ட் அக்கா ஓடிவந்து ரிசீவரைப் பிடுங்கப் பார்த்தாள். மாமியார் விலகச் சொல்லிக் கையைக் காட்டினார். அது மெஷின் என்று இப்போது அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் பதில் சொல்லாமல் வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

"சரிம்மா, கொடுத்துடறோம்" என்றார் போனில். "நீ வெயில்ல அலையாம வீடு வந்து சேரு."